நாலாவது எண்

“வேடிக்கை பார்க்கவா உன்னை வேலைக்கு வெச்சிருக்காங்க?” என்றாள் டைப்பிஸ்ட்.

கம்ப்யூட்டர் டெக்னீஷியன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

ஆபீஸில் எல்லாருக்கும் புது கம்ப்யூட்டர் வந்தது, அவளைத் தவிர. “உங்க பழசைத் தூக்கிப்போட வேண்டியதுதான். நீங்க குடோனுக்குப் போய்ப் பெட்டி எண்ணுங்க” என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இருபது வருஷம் விரல் தேய டைப் அடித்தவளுக்குப் பொறுக்குமா? அந்தப் பழசிலேயே தன் கையால் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டாள். மெஷின் குதிரை மாதிரி ஓடியது. நெட் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குள் நெட் வந்தால் குடோன் வேண்டாம் என்று மேனேஜர் கெடு வைத்திருந்தார். இப்போது பதினொன்றரை.

“ஒயராவது சரியா இருக்கான்னு சொல்லேன்.”

“நீங்களே பாருங்கக்கா.”

“ரொம்ப நல்லா இருப்பே. எனக்குப் பார்க்கத் தெரியாதா?”

பார்த்தாள். ஒயர் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் கட்டளை அடித்து ரவுட்டரைக் கூப்பிட்டாள், பதில் வந்தது. வெளியே ஒரு இணையதளத்தை அதன் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டாள், அதுவும் வந்தது. பெயரைப் போட்டால்தான் பேச்சு மூச்சு இல்லை.

பழைய செட்டிங்கை எழுதிவைத்த தாளை எடுத்தாள். மூன்று எண்கள், மூன்றையும் நிரப்பியாயிற்று. தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் நாலாவது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வரின் எண். தன் தலையில் தானே குட்டிக்கொண்டு அதை அடித்தாள்.

பக்கம் திறந்தது.

“பார்த்தியா? உன் தயவு இல்லாமலே வந்துடுச்சு.”

மேனேஜர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“நீ சொல்லிக் குடுத்தியா?”

“இவனா?” டைப்பிஸ்ட் பொங்கிவிட்டாள். “அரை மணி நேரமா மரம் மாதிரி நிக்கறான் சார். இப்படி ஒரு கல் நெஞ்சுக்காரனை நான் பார்த்ததே இல்லை. குடோனுக்கு ஆள் வேணும்னா இவனை அனுப்புங்க.”

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“யார் தவிச்சாலும் ஓடிப்போய்ச் சொல்லிக் குடுக்கறவனாச்சே நீ! உன் வாயிலருந்து ஒரு யோசனை வந்தாலும் அவங்க குடோனுக்குத்தான்னு சொல்லித்தானே உன்னை இங்க நிக்க வெச்சேன்? இவ்வளவு திட்டு வாங்கிக்கிட்டு எப்படிடா சும்மா நின்னே?”