குடல் கசிவு அறிக்கை

இருபத்தோரு ஆண்டுகளாக எந்தப் பிள்ளையையும் அதட்டாத ஆசிரியை பூங்கோதைக்குத் தலைமையாசிரியர் பதவி கிடைக்காமல் போனது, குடலால். அவளுடைய குடலில் கசிவு இருப்பதாக கல்வி அலுவலகக் கழிப்பறையில் பொருத்தியிருந்த, மலத்தைச் சோதித்து உடல்நிலை சொல்லும் கருவி அறிக்கை கொடுத்துவிட்டது.

“குடல் கசிஞ்சா கோவம் ஜாஸ்தியா வருமாம் டீச்சர். உங்களை நம்பிப் பள்ளிக்கூடத்தை எப்படி ஒப்படைக்கிறது?” என்றார் கல்வி அதிகாரி சம்பந்தமூர்த்தி, மூன்றாவது மெதுவடையை விழுங்கியபடி.

“என்கிட்ட படிச்ச பிள்ளைங்களைக் கேளுங்க சார்.”

“அவங்க என்ன டாக்டரா?” அவர் பெரிதாக ஏப்பம் விட்டார்.

பூங்கோதை வாழ்க்கையில் முதல் தடவையாக மேசையை ஓங்கி அறைந்தாள். “என் குடலைப் பார்த்தீங்களே, ஒருநாளாவது என் வகுப்பைப் பார்த்திருக்கீங்களா?”

அதிகாரி பேனாவை எடுத்தார். கருவியின் துல்லியத்தை மெச்சிக்கொண்டே, ‘கோபம் உறுதி’ என்று அறிக்கையின் ஓரத்தில் எழுதினார்.