நாலாயிரம் பிழைக்கு ஒரு விடுப்பு

மகள் நடக்கத் தொடங்குவதைக் கொண்டாடும் கால்கயிறு வெட்டும் விழாவுக்குப் போக எல்மிர்பெக்கிடம் மேலாளர் ஜிபெக் கேட்ட விலை நாலாயிரம் பிழை.

"மென்பொருள் கையேடு பூரா எச்.டி.எம்.எல் கோளாறு. சரிபார்ப்புல சுத்தமா வந்தா ஊருக்குப் போ தம்பி."

"கையால திருத்தினா மாசமாகும் அக்கா."

"அது உன் பாடு."

மொத்தமாகத் திருத்த ஒரு கணினி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினான். பிழை பூஜ்யமானது.

"கெட்டிக்காரன்தான். கிளம்பு." கையேடு அன்றே வாடிக்கையாளருக்குப் போனது.

சொந்த ஊரான நாரினில், கயிறு வெட்டியதும் மகள் நடந்தாள். திங்கட்கிழமை பிஷ்கெக் அலுவலகத்துக்குத் திரும்பியவன் கையேட்டின் பக்கங்களைத் திறந்தான். கெட்ட எச்.டி.எம்.எல் குறிகளை மட்டும் நீக்க வேண்டிய ஸ்கிரிப்ட், தலைப்புக்குக் கீழே முதல் குறியிலிருந்து கடைசிக் குறிவரை, இடையிலிருந்த எழுத்தோடு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

"வாடிக்கையாளர் ஏதாவது சொன்னாங்களா அக்கா?"

"பிரமாதமாம். பாராட்டி எழுதியிருக்காங்க."

முன்னூறு பக்கத்தில் பிழை இல்லை, புகார் இல்லை, ஒரு வரியும் இல்லை.