வேகத்தடையில் நின்ற சிவப்பு வண்டி

முதல் அடியிலேயே திருடனின் வாய் கிழிந்தது. இரண்டாவது அடியில் பல் ஒன்று தெறித்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. முனிரத்தினம் அதோடு நிறுத்தவில்லை.

ஊறிய மாட்டுத்தோலை டிரம்மிலிருந்து இழுத்து இழுத்துப் பதினாறு வருஷமாக உரமேறிய கை அது. ஆம்பூர் டேனரியில் பகல் ஷிப்ட் முடிந்து, சர்வீஸ் ரோட்டில் அப்துல் வஹாப் கடை டீயை அவன் வாயில் வைக்கப் போகும்போதுதான் அந்தக் கூச்சல் கேட்டது.

"திருடன்! திருடன்! அந்தச் செவப்பு பைக்கப் புடிங்க!"

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து ஒருவன் கத்திக்கொண்டே வந்தான். அவனுக்கு முன்னால், முதுகை வளைத்துக் குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல். டீக்கடைக்கு நேரே வேகத்தடையில் ஏறியதும் குலுங்கி ஆஃப் ஆகிவிட்டது. ஓட்டி வந்தவனுக்கு இருபது வயதிருக்கும். பதறிப்போய் செல்ஃப் பட்டனை அமுக்கினான். வண்டி கியரிலேயே ஒரு துள்ளு துள்ளி மறுபடி நின்றது.

"திருடத் தெரியுது, ஓட்டத் தெரியல பாரு!" என்று யாரோ சிரித்தார்கள்.

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் டேனரி வாசலில் நிறுத்தியிருந்த அவனுடைய பைக்கையும் இப்படித்தான் எவனோ தள்ளிக்கொண்டு போயிருந்தான். ஸ்டேஷனுக்கு நாலு தடவை அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கும் வேலைக்கும் நடைதான். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே நடப்பான்.

கிளாஸை வீசிவிட்டு ஓடினான். சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. பைக் சரிந்து பையனின் முழங்காலை அமுக்கியது. அலறுவதற்கு வாய் திறந்தபோதுதான் அந்த முதல் அடி விழுந்தது.

"அண்ணா... வாங்... வாங்..." ரத்தமும் எச்சிலுமாகக் கொழகொழவென்று வந்தது வார்த்தை.

"இன்னாடா, வாங்க வாங்கன்னு சண்டைக்குக் கூப்புடுறியா? தோ, வந்துட்டேன்டா!"

பையன் தலையைத் தலையை ஆட்டினான். முனிரத்தினம் அவன் தலையிலிருந்து கழன்று உருண்ட ஹெல்மெட்டை எடுத்து, அதாலேயே தோளில் ஓங்கி அடித்தான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அதற்குள் ஷிப்ட் முடிந்த கூட்டம் மொத்தமும் சேர்ந்துவிட்டது. செருப்புக் காலால் ஒருவன் மிதித்தான். இன்னொருவன் முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, விழ விட்டான். நாலு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"போதும் முனி, உட்டுடு!" அப்துல் வஹாப் குறுக்கே விழுந்தார். "போலீஸ்ல குடுத்துடலாம். செத்துகித்துப் போனா நீதான் உள்ள போவே."

ஸ்கூட்டர் பின்சீட்டில் கத்திக்கொண்டு வந்தவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது.

"என் பேரு சூரியபிரகாஷ்ணா. பள்ளிகொண்டால வண்டிய நிறுத்திட்டு ஜூஸ் குடிக்கசொல்ல எடுத்துட்டான். தோஸ்த் வண்டில தொரத்திகினு வர்றேன். ஆர்சி பாருங்க, லைசென்ஸ் பாருங்க, ரெண்டும் ஒரே பேரு."

பார்த்தார்கள். ஒரே பேர்தான். வண்டி நம்பரும் சரியாக இருந்தது.

"வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றான் முனிரத்தினம்.

"வேணாம்ணா." சூரியபிரகாஷ் கீழே கிடந்தவனைப் பார்த்தான். "சின்னப் பையன். கேஸ் ஆச்சுன்னா வாழ்க்கையே போயிடும். எனக்கு வண்டி கெடச்சா போதும்."

முனிரத்தினம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா! "நல்லா கேட்டுக்கடா நாயே, இந்த மனசு உனக்கு வருமா?" என்று பையனின் விலாவில் கடைசியாக ஒரு உதை விட்டான். பிறகு பைக்கைத் தானே தூக்கி நிறுத்தினான். டேங்கில் வழிந்திருந்த ரத்தத்தைத் தோள் துண்டால் துடைத்துக் கொடுத்தான். சூரியபிரகாஷ் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க இல்லன்னா இன்னிக்கு என் வண்டி இல்லண்ணா."

வண்டி ஒரே உதறலில் கிளம்பி வேலூர்ப் பக்கம் திரும்பிப் பறந்தது. ஸ்கூட்டர் பின்னாலேயே போனது. சிலர் கைதட்டினார்கள். ஒரு மாதமாக நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று தணிந்தாற்போல இருந்தது முனிரத்தினத்துக்கு.

கூட்டம் கலைந்தது. பையன் வேகத்தடை ஓரமாகக் குப்புறக் கிடந்தான். அப்துல் வஹாப் அவனைப் புரட்டி, தலையை மடியில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சிவப்பாகி வெளியே வந்தது.

அவன் பேன்ட் பாக்கெட்டில் செல்போன் அடித்தது. எடுக்கப் போன பையனின் கையை முனிரத்தினம் காலால் ஒதுக்கினான்.

"இது யார்கிட்ட அடிச்சதோ? பேசிப் பாப்போம், உரியவங்ககிட்ட குடுத்துடலாம்."

எடுத்துப் பார்த்தான். திரையில் 'அம்மா' என்று இருந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அமுக்கினான்.

"பரணி, அந்தச் சூரியபிரகாஷ்கிட்ட காசக் குடுத்து வண்டிய எடுத்துட்டியாடா? மொத மொதல்ல எடுக்கற வண்டி, எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன், டயர்ல நசுக்கிட்டு அப்புறமா வீட்டுக்குள்ள வா."