முனியப்பரின் சுட்டுவிரல்

ஊர்ப் பெருமக்கள் அனைவருக்கும் பேருவகையுடன் அறிவிப்பது யாதெனில், மூடிய சுரங்கத்தின் இயந்திரங்களைக் கொண்டு எழுப்பப்பட்ட இருநூறு அடி முனியப்பர், நம் முன்னோர் கதைகளில் சொன்னபடியே, திருடர் வீட்டை நோக்கி விரல் நீட்டுவார். சுட்டப்பட்ட குடும்பம் அன்றே ஊரைக் காலி செய்ய வேண்டும்.

அந்த விரலுக்குக் கிரீஸ் போடுவது தனவேலின் வேலை. மழைக்காலத்திலேயே பேரிங் தேய்ந்து, காற்றடிக்கும் பக்கமெல்லாம் விரல் திரும்புவது அவருக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் தன் தலையில்தான் விடியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அதற்குள் ஏழு குடும்பங்கள் போய்விட்டன.

இன்று காலை விரல் அவர் வீட்டுக்கு நேராக வந்து நின்றது. குடும்பங்களை ஏற்றிப்போகும் வேனும் வாசலில் வந்து நின்றது. மனைவி அஞ்சலை பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

தனவேல் வேனோடு வந்த அதிகாரியிடம் ஓடினார். "சார், பேரிங் போச்சு சார்! அது காத்துக்குத் திரும்புது. சத்தியமா நான் திருடன் இல்ல!"

"ஏன்யா, ஏழு வீட்டுக்காரனும் இதே சத்தியத்தத்தான பண்ணினான்? அப்ப நீ எங்கய்யா இருந்த?"

"விரல் மேலதான் சார் இருந்தேன்."

வேன் புறப்பட்டது. மறுநாள் புது பேரிங் வந்து சேர்ந்தது. அதை மாட்டத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை.