சவுக்காரத்தில் காரம்

"இனி ஆத்துக்குப் போய்த் துவைக்க வேணாம். பாகலூர்ச் சந்தையில காரம் வாங்கியாச்சு. சவுக்காரத்தை நாமளே காய்ச்சி, கிணத்தடியிலயே துவைச்சுக்கலாம்," என்றாள் வெங்கடம்மாள்.

மருமகள் கெம்பம்மா தலையாட்டினாள். துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போகும்போதுதான் அவள் தெருவையே பார்ப்பாள். இப்போது அதுவும் போயிற்று.

வெங்கடம்மாள் கரைத்து ஊற்றிய சோடாக் காரத்தோடு சட்டியில் புங்க எண்ணெய் கொதித்தது.

"இன்னும் ரெண்டு கரண்டி காரம் போடுடி!" உள்ளேயிருந்து மாமியார் கத்தினாள்.

கெம்பம்மா போட்டாள். சவுக்காரம் செங்கல் நிறத்தில் இறுகியது. எண்ணெயின் நிறம் என்று நினைத்துக்கொண்டாள் மாமியார்.

துவைத்த ரவிக்கையைப் போட்ட சற்று நேரத்தில் வெங்கடம்மாள் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு அலறினாள். "என்னத்தடி கலந்தே? உடம்பெல்லாம் எரியுதே!"

"நீங்க சொன்ன காரந்தான் அத்தே." மிளகாய்த்தூள் கலயத்தை நீட்டினாள் கெம்பம்மா. "எங்க ஊர்ல காரம்னா இதுதான்."

"கன்னடத்துக்காரியக் கட்டிட்டு வந்தா இப்படித்தான்! நீ காய்ச்சினது போதும். மூட்டையத் தூக்கிட்டு ஆத்துக்கே போய்த் தொலை!"

ஆறு கரை நிறைய ஓடியது. அக்கரைப் பாறையில் எப்போதும்போலக் காத்திருந்த ஒருத்தி எழுந்து நின்றாள். கல்யாணத்தில் வந்த சண்டையில், மகள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று விரட்டப்பட்ட கெம்பம்மாவின் அம்மா.

நடந்ததைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "சவுக்காரத்துக்கு எந்தக் காரம்னு கூடவா உனக்குத் தெரியாது?"

"தெரியும்மா!" தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கத்தினாள் கெம்பம்மா. "அதான் ரெண்டு கரண்டி கூடவே போட்டேன்!"