பங்கு

கனடாவின் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. விடுமுறையிலும் நீச்சல் பயிற்சி முடித்து வந்த ஜெனாட்டின் கூந்தலிலிருந்து குளோரின் மணக்கும் நீர் விசைப்பலகையின் மேல் சொட்டுகிறது, அவள் துடைக்கவில்லை. திரையில், நீச்சலுக்காகவே அவளை இலவசமாகப் படிப்பிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநர். அவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், புதிய ஃபுட்போல் மைதானத்தின் கிரேன் சாவகாசமாகத் திரும்புகிறது. இனி பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டுமாம். ஆகவே செலவைக் குறைக்க நீச்சல் அணியை மூடுகிறார்களாம். சொல்லும்போது அவருடைய பற்கள் எல்லாம் தெரிகின்றன. சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் அணிப் பிள்ளைகளின் முகங்கள். அத்தனை பேரின் மைக்கையும் அவரே அடைத்து வைத்திருக்கிறார். ஜெனாட் மைக் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். தாய் அன்ரனெற் அகப்பையோடு வந்து பின்னால் நிற்கிறாள்.

"ஆருக்கடி பங்கு குடுக்கினம்?"

"ஃபுட்போல் பெடியளுக்கு, அம்மா."

"அப்ப உன்ர பங்கு?"

தட்டிய விரல் நிற்கிறது. அடுப்பில் வெங்காயம் கருகுகிறது, இருவரும் திரும்பவில்லை. இயக்குநர் நெஞ்சில் கை வைத்து, அணி போனாலும் நீங்கள் என்றைக்கும் எங்கள் குடும்பம்தான் என்கிறார்.

"குடும்பமாம்," என்கிறாள் அன்ரனெற். "எங்கட காணி முழுக்கத் தன்ர பேரில எழுதிப்போட்டு என்ர அண்ணையும் இதைத்தான் சொன்னவர்."