நூற்று ஐம்பத்தாறாவது கோடு

"மேடம், இந்த அக்கா வாளியை இடிச்சிட்டாங்க. அதான் படம் கெட்டுப்போச்சு."

அப்படிச் சொன்னவள், பயிற்சிக்கு வந்த ஆறு ஆராய்ச்சி மாணவர்களில் இளையவள். திரையில் இருந்த படத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கீறல்.

அணுக்களைக் காட்டும் நுண்ணோக்கி அது. ஊசிமுனை ஒன்று பொருளின் மேல் கோடு கோடாகத் தடவிப் போய்ப் படம் வரையும். பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால்கூட முனை துள்ளிவிடும். மெஷினுக்குப் பாம்புச் செவி என்று பயிற்சி தரும் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். செல்போன் வெளியே பெட்டியில்தான் இருக்க வேண்டும். உள்ளே கொண்டுவந்தால் அன்றைக்கே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேடம் தரை துடைக்கிற அம்மாவிடம் திரும்பினார்.

"இடிச்சீங்களா?"

அந்த அம்மா மாணவியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடிச்சிருக்கும்மா. கவனிக்கல."

ஒத்துக்கொண்ட பிறகு யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. அவர் மேல் ஏற்கெனவே இரண்டு புகார். இது மூன்றாவது. மறுநாள் வேறொருவர் துடைக்க வந்தார். இனிமேல் அணுவெல்லாம் நிம்மதியாகத் தூங்கும் என்றான் ஒரு மாணவன். அவளும் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். ஆளுக்கொரு கெட்டுப்போன படத்தை எடுத்து, அது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"படம்கிறது கடிகாரம் மாதிரி. கீழேயிருந்து கோடுகளை எண்ணுங்க. எந்த நேரத்துல கெட்டுச்சுன்னு அதுவே சொல்லும்."

அவள் தன் படத்தையே எடுத்தாள். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு கோடுகள். கோட்டுக்கு இரண்டு விநாடி. தொடங்கியது பத்து நாற்பது. கீறல் நூற்று ஐம்பத்தாறாவது கோட்டில். அப்படியென்றால் ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி.

பத்து நாற்பத்தைந்து.

கதவுக்குப் பின்னால் தொங்கிய வருகைத் தாளைப் பார்த்தாள். துடைக்கிற அம்மா உள்ளே வந்து கையெழுத்துப் போட்டது பத்து ஐம்பத்திரண்டு. படம் பத்து நாற்பத்தெட்டரைக்கே முடிந்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வெளியே போய்ப் பெட்டியிலிருந்து செல்போனை எடுத்தாள். படம் கெட்ட அன்றைக்கு எடுக்காமல் விட்ட அழைப்புகள் இரண்டு. இரண்டும் அப்பா. பத்து நாற்பத்தைந்து. பத்து ஐம்பத்து மூன்று.

அன்று அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன். போனைப் பெட்டியில் போட மனம் வராமல் சத்தத்தை நிறுத்தி மேலங்கிப் பைக்குள் வைத்து, மெஷின் மேசையில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். அது அதிர்ந்தது அவளுக்கு மறக்கவில்லை. துணிக்குள் இருப்பது எப்படிக் கெடுக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாளாகக் கஞ்சி குடிக்கிறாள்.

மாணவி படியிறங்கி ஓடினாள். கீழ்த்தளத்தில் புதிதாக வந்தவர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முன்னாடி இருந்த அக்கா எங்கே?"

அவரை வேலையை விட்டே எடுத்துவிட்டார்களாம். கம்பெனி கொடுத்த போனையும் வாங்கிக்கொண்டார்களாம். வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் திரும்பி நடக்கத் தொடங்கியபோது அவர் கூப்பிட்டார்.

"மேல பயிற்சிக்கு வந்திருக்கிற சின்னப் பொண்ணு நீங்கதானே? போறப்போ உங்ககிட்ட ஒண்ணு விசாரிக்கச் சொன்னாங்க. எனக்குத்தான் மறந்துபோச்சு."

"என்ன?"

"அன்னைக்குக் காலையில பாத்ரூம்ல நின்னு போன்ல அப்பாகிட்ட அழுதுக்கிட்டிருந்தீங்களாம். அவங்க துடைக்க வந்தப்போகூட உங்க பையில போன் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சாமே. உங்க அம்மா பொழைச்சிட்டாங்களான்னு கேட்கச் சொன்னாங்க."